வெள்ளரிக்காயும் தொடுதிரையும்

எங்கள் சனிக்கிழமை வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் ஒரு நோட்டு இருக்கும். பேரனோ பேத்தியோ, சில வீடுகளில் மருமகளோ எழுதிக்கொடுத்தது. ‘1. பச்சைக் கலர் டப்பாவைத் தொடவும். 2. மேலே மூன்று புள்ளி வரும், அதைத் தொடவும். 3. கீழே வரும் அம்புக்குறியை…’ என்று போகும். அழகான கையெழுத்தில், அடிக்கோடெல்லாம் போட்டு அக்கறையாக எழுதியிருப்பார்கள். ஆனால் ஒரு அப்டேட் வந்தால் போதும். மேலே இருந்த மூன்று புள்ளி கீழே இறங்கிவிடும், பச்சை டப்பா நீலமாகிவிடும், நோட்டின் ஆயுசு அத்தோடு முடிந்தது. நோட்டுக்காரர் மட்டும் நோட்டைக் குறை சொல்ல மாட்டார். “நமக்கு இதெல்லாம் ஏறாது டீச்சர்” என்பார்.

டவுன் பஸ் கூட்டத்துக்குள் புகுந்து புறப்பட்டு டிக்கெட் கிழித்து, யாருக்கு எவ்வளவு மீதி என்று மனசிலேயே வைத்து, ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் கணக்கு எழுதி முப்பது வருஷம் ஓட்டிய ஒரு கண்டக்டர் சொல்கிறார் இதை. அவருக்கு எது ஏறாது?

நான் இயற்பியல் டீச்சர். அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு எடுத்து ஓய்வு பெற்றவள். இப்போது மதுரையில் எங்கள் பகுதிக் கிளை நூலகத்தின் பின்னறையில், பழைய வார இதழ்க் கட்டுகளுக்கு நடுவே, அறுபது தாண்டியவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். செல்போன், கொஞ்சம் கம்ப்யூட்டர், நடுநடுவே நிறைய அறிவியல். அறிவியல் எதற்கு என்று என் மகனே கேட்டான். “பணம் அனுப்ப, படம் அனுப்பச் சொல்லிக்குடுத்தாப் போதாதாம்மா?” போதாது என்பது என் கட்சி. எங்கே தொட வேண்டும் என்பது மாசத்துக்கு மாசம் மாறும். உள்ளே என்ன நடக்கிறது என்பது அவ்வளவு லேசில் மாறாது. அது தெரிந்தவர் பொத்தான் இடம் மாறினாலும் தானே தேடிக் கண்டுபிடித்துவிடுவார்.

கண்டக்டர் அண்ணனுக்கு வந்த புதிதில் ஒரே புகார்தான். “பேரன் தொட்டா ஓடுது, என் விரலுக்கு மட்டும் அசைய மாட்டேங்குது.” பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூக்கார அக்காவுக்கு நேர்மாறான புகார். அவர் தொட்ட இடம் ஒன்று, திறப்பது இன்னொன்று. சில சமயம் தொடாமலே ஏதோ ஓடும். இரண்டு புகாரையும் சேர்த்து அடுத்த வாரப் பாடமாக வைத்துக்கொண்டேன். வீட்டிலிருந்து ஒரு வெள்ளரிக்காய்த் துண்டு, பிளாஸ்டிக் பேனா மூடி, அழிரப்பர் மூன்றையும் எடுத்துக்கொண்டு போனேன்.

பேனா மூடியால் திரையைத் தேய்த்துப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. ரப்பரால் தேய்த்தார்கள், அசையவில்லை. வெள்ளரிக்காயைக் கையில் பிடித்துத் தேய்த்ததும் படங்கள் வரிசையாக நகர்ந்தன. “காய்கறிக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லையா?” என்றார் கண்டக்டர்.

கண்ணாடிக்கு அடியில் இண்டியம் டின் ஆக்சைடு என்ற பூச்சு குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிறது. மின்சாரமும் கடத்தும், ஒளியும் புகும். அதில் எந்நேரமும் மெலிசான ஒரு மின்புலம் இருக்கும். நம் உடம்புக்குள் இருப்பது உப்புத் தண்ணீர், அதுவும் மின்சாரம் கடத்தும். விரல் கிட்டே வந்ததும் அந்த இடத்தின் மின்தேக்குத்திறன், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் அளவு, கொஞ்சம் மாறுகிறது. எந்தச் சந்திப்பில் மாறியது என்று உள்ளே இருக்கும் சில்லு நொடிக்குப் பல தடவை பார்த்துக்கொண்டே இருக்கிறது. வெள்ளரிக்காயிலும் தண்ணீரும் உப்பும்தான், பிடித்திருக்கும் கை வழியாக நம் உடம்போடு சேர்ந்துகொள்கிறது. பிளாஸ்டிக்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

வயதாக ஆகத் தோல் வறளும், வியர்வை குறையும். காசும் டிக்கெட்டும் எண்ணி எண்ணிக் காய்ப்பு விழுந்த விரல்நுனி வேறு. மேலே மகன் ஒட்டிக்கொடுத்த தடித்த கண்ணாடி. மூன்றும் சேர்ந்தால் கண்டக்டர் வந்து தொட்டதே திரைக்குத் தெரியாது. பூக்கார அக்காவுக்கு விரல் எப்போதும் ஈரம். ஒவ்வொரு சொட்டுத் தண்ணீரையும் திரை ஒரு விரலாக எண்ணிவிடுகிறது. கண்டக்டர் விரலை ஈரக் கைக்குட்டையில் ஒற்றிக்கொள்ள வேண்டும், அக்கா முந்தானையில் துடைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் வைத்தியம். நகநுனியால் தொட்டுத் தொட்டு அலுத்த பெண்களுக்கும் அன்றே பதில் கிடைத்தது. நகம் மின்சாரம் கடத்தாது, விரலின் சதைப்பகுதிதான் படவேண்டும்.

இதிலிருந்தே இன்னொரு சங்கதி கிளம்பியது. எங்கள் தலைமுறை அமுக்கியே வளர்ந்தது. சுவிட்ச், கால்குலேட்டர், டைப் மெஷின், எல்லாம் அமுக்கினால்தான் கேட்கும். ஆகவே போனையும் அமுக்குகிறோம். அமுக்குகிற விரல் கொஞ்சம் கூடுதல் நேரம் திரையில் நிற்கும். திரைக்குப் பலம் தெரியாது, நேரம்தான் தெரியும். “தொட்டாத் திறக்கும்னீங்க, இது அழிச்சுரவான்னு கேக்குது!” என்று பதறுவதெல்லாம் இந்த அரை நொடிக் கதை. அமைப்புகளில் அணுகல்தன்மை என்ற பகுதிக்குப் போனால், எவ்வளவு நேரம் பிடித்தால் அதை நீண்ட தொடுகையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கூட்டி வைத்துக்கொள்ளலாம். கை நடுங்குகிறவர்களுக்கு நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். எழுத்தைப் பெரிதாக்குவதெல்லாம் பிறகு.

அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் இருக்கிறார், தமிழிலும் இங்கிலீஷிலும் ஹையர் பாஸ். குரலில் சொன்னால் போனே தமிழில் எழுதும் வசதியைக் காட்டினேன். 2017இல் கூகுள் தமிழுக்குக் கொண்டுவந்தது அது, மற்றவர்கள் அசந்துபோனார்கள். அவர் மட்டும் முகம் சுளித்தார். “எழுதத் தெரிஞ்சவ நான் எதுக்கு அதுகிட்டப் பேசணும்?” 1999இல் சென்னை மாநாட்டுக்குப் பின் வந்த தமிழ்99 விசைப்பலகையைப் போட்டுக் கொடுத்தேன். உயிரெழுத்து இடது பக்கம், மெய் வலது பக்கம். பழைய மெஷின் வரிசை வேறு என்று இரண்டு வாரம் முணுமுணுத்தார். இப்போது எங்கள் வகுப்புக் குழுவில் ஒற்றுப்பிழை பார்த்துத் திருத்துவது அவர்தான், யாரும் தப்ப முடியாது.

இன்னொரு வாரம் காது. எத்தனை ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை அதிர்வு) வேண்டும் என்கிறோமோ அந்தச் சத்தத்தை எழுப்பும் இலவச ஆப் இருக்கிறது. கேட்கிறவரைக்கும் கையைத் தூக்கி வைத்திருங்கள் என்றேன். 1000 ஹெர்ட்ஸில் எல்லாக் கையும் மேலே. 4000இல் சில கைகள் இறங்கின. 8000இல் பெரும்பாலும் இறங்கிவிட்டன. 12,000 வைத்தபோது என்னுடையதும் சேர்த்து ஒரு கையும் இல்லை. போன் நின்றுவிட்டது என்றே எல்லாரும் நினைத்தார்கள். சிறுவர் புத்தகம் எடுக்க வந்த ஒரு பையன் வாசலில் நின்று காதைப் பொத்திக்கொண்டு, “ஐயோ, அதை நிறுத்துங்களேன்!” என்றான்.

உட்காதில் காக்ளியா என்ற சுருள் இருக்கிறது. அதன் வாசல் பக்கத்து நுண்முடியுள்ள செல்கள் கீச்சுச் சத்தங்களுக்கு, உள்கோடியில் இருப்பவை கனத்த சத்தங்களுக்கு. வயதானால் வாசல் பக்கம்தான் முதலில் தேயும், மறுபடி முளைக்காது. பேச்சில் அ, ஆ, ஓ போன்ற உயிர் ஒலிகளின் பலம் கீழே இருக்கிறது. ச, ஸ, ட மாதிரி மெய்களை அடையாளம் காட்டும் சத்தம் மேலே இருக்கிறது. அதனால்தான் ‘சத்தம் கேக்குது, என்ன சொல்றாய்ங்கன்னு புரியல’ என்ற நிலை. கத்திப் பேசினால் கேட்கும் பகுதிதான் இன்னும் கனமாகும், புரியாதது புரியாமலே இருக்கும். முகத்தைப் பார்த்து, நிதானமாகச் சொன்னால் புரியும்.

ஒரு பெரியம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “அப்ப எங்க வீட்டு மருமக முணுமுணுக்கலையா?” எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முணுமுணுத்திருக்கவும் கூடும், அது இயற்பியலுக்குள் வராது என்றேன்.

பழைய வீட்டு போன் 300லிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டும்தான் கடத்தும். ‘ஸ’வா ‘ப’வா என்று தெரியாமல் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னதற்கு அதுவே காரணம். இப்போது 4ஜி வழியே நேராகப் பேசும்போது 7000 வரை வருகிறது. அதைக் கேட்டபின் வீட்டில் சும்மா கிடந்த நல்ல போன் ஒன்று பேத்தியிடமிருந்து தாத்தாவிடம் கைமாறியதாகக் கேள்வி.

கண் பாடம் எங்களுக்கு ஊர்ப் பாடம். வகுப்பில் புரை அறுவை செய்து லென்ஸ் வைத்துக்கொள்ளாதவர்களை எண்ணுவதுதான் சுலபம். அந்த லென்ஸ் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டாம் உலகப் போரில் அடிபட்ட பிரிட்டிஷ் விமானிகளின் கண்ணில் விமானக் கூண்டின் அக்ரிலிக் சில்லுகள் தங்கிப்போயின, கண் அதை வேண்டாம் என்று தள்ளவில்லை. ஹெரால்டு ரிட்லி என்ற மருத்துவர் அதைக் கவனித்து, 1949இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதல் செயற்கை லென்ஸை வைத்தார். நம் ஊரில் அரசுப் பணியில் ஓய்வு பெற்ற டாக்டர் வெங்கடசாமி 1976இல், 58 வயதில், 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992இல் அதன் ஆரோலேப் லென்ஸை இங்கேயே குறைந்த செலவில் செய்யத் தொடங்கியது. இதில் எங்கள் ஆட்களுக்குப் பிடித்துப்போனது லென்ஸ் கூட இல்லை. “ரிட்டையர் ஆனதுக்கப்புறமா ஆரம்பிச்சாரு?” என்று மறுபடி மறுபடி கேட்டார்கள்.

சுங்குடிச் சாயப் பட்டறையில் காலம் போன ஒருவர் அப்போது தன் சந்தேகத்தை வெளியே எடுத்தார். ஒரு கண்ணில் மட்டும் அறுவை முடிந்திருந்தது. ஒரு கண்ணை மூடி, மறு கண்ணைத் திறந்து, “இதுல பாத்தா உங்க சேலை வெள்ளை, அதுல பாத்தா சந்தனம். யாரும் நம்ப மாட்றாங்க” என்றார். நான் நம்பினேன். இயற்கை லென்ஸ் வருஷம் போகப்போக மஞ்சள் ஏறி நீலத்தைத் தடுத்துவிடும். மெதுவாக நடப்பதால் நமக்குத் தெரியாது. புது லென்ஸ் நீலத்தை உள்ளே விட்டதும் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. சாயக்காரர் கண் என்பதால் அவர் கண்டுபிடித்துவிட்டார், மற்றவர்கள் ‘நல்லாத் தெரியுது’ என்பதோடு விட்டுவிடுவார்கள்.

இரண்டு வாரம் கழித்து இன்னொருவர் வந்தார். அறுவை செய்த கண்ணிலேயே புரை திரும்பிவிட்டது, எல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்று ஒரே கவலை. மற்றவர்கள் பயப்படுவதற்குள் சாயக்காரர் கேட்டார்: “செவுத்தைப் பாருங்க, செவுரு மஞ்சளா?” சுவர் வெள்ளையாகத்தான் இருந்தது. போனைப் பார்த்தால் மஞ்சள். இரவு நேரத்துக்கு நீல ஒளியைக் குறைக்கும் வசதி தெரியாமல் கைபட்டு ஓடிக்கொண்டிருந்தது. அணைத்தோம். இந்த இடத்தில் ‘1. சுவரைப் பார்க்கவும்’ என்று எந்தப் பேத்தியும் நோட்டில் எழுதியிருக்க முடியாது.

சர்க்கரை மெஷினையும் விடவில்லை, எல்லார் வீட்டிலும் இருக்கிறதே. அட்டையின் நுனியில் உள்ள நொதி ரத்தத்து குளுக்கோஸோடு வினைபுரிந்து எலக்ட்ரான்களை விடுவிக்கிறது. அந்தச் சின்ன மின்னோட்டத்தை அளந்துதான் மெஷின் எண்ணைக் காட்டுகிறது. பழம் உரித்த கையைக் கழுவாமல் குத்தினால் விரலில் ஒட்டிய சர்க்கரையையும் சேர்த்து அளந்துவிடும். அட்டை டப்பாவைத் திறந்தே வைத்தால் ஈரக்காற்றில் நொதி கெடும். இதைச் சொன்ன அன்று மூன்று பேர் முகம் மாறியதைப் பார்த்தேன். வாழைப்பழ ஆசாமிகள்.

செல்போன் கோபுரத்தால் சிட்டுக்குருவி செத்துவிட்டது என்ற வாதம் எங்கள் வகுப்பில் மாதம் ஒருமுறை எழும். பிரிட்டனில் குருவிகள் குறையத் தொடங்கியது 1970களின் கடைசியில், அங்கே முதல் செல்போன் அழைப்பே 1985இல்தான் என்று சொல்லிப் பார்க்கிறேன். முற்றமும் ஓட்டு வீடும் புழுப்பூச்சியும் போனதைச் சொல்கிறேன். பாதிப் பேர் தலையாட்டுகிறார்கள், மீதிப் பேர் கோபுரத்தை விடுவதாக இல்லை.

ஜிபிஎஸ் பாடம் வேறு விதம். ‘லொகேஷன்’ என்றாலே பயந்தார்கள். சாட்டிலைட் நம்மை மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறது என்று பலருக்கும் எண்ணம். பார்ப்பதே இல்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அவை ‘நான் இன்னார், இப்போது மணி இது’ என்று சொல்லிக்கொண்டே போகின்றன. நம் போன் அதைக் கேட்க மட்டும் செய்கிறது, திருப்பி ஒன்றும் சொல்வதில்லை. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் மணியைக் கேட்டு, ஒவ்வொன்றும் வந்துசேர எவ்வளவு தாமதம் என்று பார்த்துத் தன் இடத்தைத் தானே கணக்குப் போட்டுக்கொள்கிறது. ஈர்ப்பு குறைந்த உயரத்தில் கடிகாரம் வேகமாகவும், ஓட்டத்தால் மெதுவாகவும் போகும். இரண்டையும் கழித்தால் நாளுக்கு 38 மைக்ரோநொடி முந்தும். ஐன்ஸ்டைன் சொன்ன இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் விட்டால் ஒரே நாளில் பத்துக் கிலோமீட்டர் அளவுக்குத் தப்பு சேர்ந்துவிடும். மாட்டுத்தாவணியில் நிற்கிறவரைத் திருப்பரங்குன்றம் பக்கம் காட்டும். “ரெண்டு மூணு ஸ்டேஜ் மாறிப்போகும்ல!” என்றார் கண்டக்டர். சார்பியல் கொள்கைக்கு இவ்வளவு கச்சிதமான உரையை நான் பள்ளிக்கூடத்தில் கேட்டதில்லை.

இதில் காரியமும் உண்டு. செயற்கைக்கோளுக்கு நம் இடம் தெரியாது. போனுக்குத் தெரியும். போனுக்குள் உட்கார்ந்திருக்கும் ஆப் ஒவ்வொன்றும் அதைக் கேட்டு வாங்கி இன்டர்நெட் வழியாக யாருக்கோ அனுப்பலாம். ஆக, பயப்பட வேண்டிய இடம் வானத்தில் இல்லை, ‘அனுமதிக்கவா?’ என்று கேட்கும் அந்தச் சின்னப் பெட்டியில் இருக்கிறது. டார்ச் ஆப்புக்கு எதற்கு நான் நிற்கும் இடம்? இந்தக் கேள்வியை இப்போது அவர்களே கேட்கிறார்கள்.

பணம் அனுப்புவது பற்றி ஒரு வகுப்பு எடுக்காமல் இந்தக் காலத்தில் நடத்த முடியாது. 2016இல் யுபிஐ வந்தது. இன்று கீரைக்கட்டுக்கும் அதுதான். பாங்க் லாக்கருக்கு இரண்டு சாவி உண்டு என்பது இவர்களுக்குத் தெரியும். யுபிஐக்கும் இரண்டு. உங்கள் சிம் உள்ள போன் ஒரு சாவி, உங்கள் மனசில் இருக்கும் பின் எண் இன்னொரு சாவி. வெளியே போகும் பணத்துக்குத்தான் பின் கேட்கும். வரும் பணத்துக்குச் சாவி எதற்கு? ‘பரிசு விழுந்திருக்கு, வாங்கிக்கப் பின் போடுங்க’ என்று ஒருத்தன் சொல்லும்போதே அவன் யார் என்று தெரிந்துவிட வேண்டும். ஓடிபி என்பது, இந்த நிமிஷம் இந்த போன் உங்கள் கையில்தான் இருக்கிறதா என்று பாங்க் கேட்கும் கேள்வி. விடையை இன்னொருவருக்குச் சொன்னால் போன் அவர் கையில் இருப்பதாகப் பாங்க் நம்பிவிடும்.

ஏமாற்று வேலைகளின் பட்டியலை எழுதிக்கொடுங்கள் என்று பலர் கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை. பட்டியலும் அந்த நோட்டு மாதிரிதான், மோசடிக்காரனும் அப்டேட் செய்கிறான். சில வருஷத்துக்கு முந்தைய பட்டியலில் ‘டிஜிட்டல் கைது’ இருந்திருக்காது, வீடியோ அழைப்பில் போலீஸ் மாதிரி வந்து கைது என்று மிரட்டிப் பணம் பறிப்பது அது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் அதைப் பற்றி எச்சரிக்க வேண்டி வந்தது. அப்படி ஒரு கைதே இந்தியச் சட்டத்தில் கிடையாது. எங்கள் வகுப்பில் ஓய்வுபெற்ற கிளார்க் ஒருவருக்கு அந்த வீடியோ அழைப்பு வந்தது. போலீஸ் உடை, பின்னால் அதிகாரியின் அறை, மேலே சிபிஐ முத்திரைப் படம். அவர் நடுங்கித்தான் போயிருக்கிறார். ஆனால் முந்தின வாரம்தான் வாட்ஸ்அப்பில் முகப்புப் படம் மாற்றப் பழகியிருந்தோம், அவரே தன் படத்தை எடுத்துவிட்டு மீனாட்சி அம்மன் படத்தை வைத்திருந்தார். “நான் அம்மன் படம் வச்சா அம்மன் ஆயிருவேனா? அவனும் அப்படித்தான வச்சிருப்பான்னு தோணுச்சு, போனை வச்சுட்டேன்” என்றார். கையோடு சைபர் குற்றப் புகார் எண்ணான 1930க்கு அடித்துச் சொல்லியும் விட்டார். பணம் போயிருந்தாலும் அந்த எண்ணுக்குத்தான் உடனே சொல்ல வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவுக்குத் தடுத்து நிறுத்த வழி உண்டு.

மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவருக்குத் தொழிலாளர் ஓய்வூதியம் வருகிறது. 2014லிருந்து அதற்குக் குறைந்தபட்சத் தொகை மாதம் 1000 ரூபாய், அதற்கும் வருஷம் ஒருமுறை உயிர்வாழ் சான்று கொடுத்தாக வேண்டும். நூலும் இயந்திரமும் தேய்த்த அவர் கைரேகையை எந்த மெஷினும் எடுக்கவில்லை. ஆட்டோவுக்குக் கொடுத்ததே அந்த மாசப் பென்ஷனில் பெரும்பங்கு. இப்போது முகத்தைக் காட்டியே வீட்டிலிருந்து சான்று அனுப்பலாம். வகுப்பிலேயே செய்தோம். முன்னால் இருப்பது புகைப்படமா உயிருள்ள ஆளா என்று தெரிந்துகொள்ள ஆப் கண்ணைச் சிமிட்டச் சொல்லும். “உசுரோட இருக்கேன்னு கவர்மெண்டுக்குக் கண்ணடிச்சுக் காட்டணுமா?” என்றார். அடித்தார், ஏற்றுக்கொண்டது. பக்கத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

எல்லாம் இப்படி ஏறிவிடுகிறது என்று நினைக்க வேண்டாம். ‘இந்தப் படம் எங்கே இருக்கு’ என்ற கேள்வியில் நாங்கள் மாசக்கணக்காக நிற்கிறோம். போனிலா, கார்டிலா, எங்கோ ஓர் ஊரில் ஒரு கட்டடத்துக் கம்ப்யூட்டரிலா? ஒரே படம் மூன்று இடத்தில் இருக்க முடியும் என்பதை ஆல்பத்தில் படம் ஒட்டிப் பழகிய மனசு ஒத்துக்கொள்ள மறுக்கிறது. பாஸ்வேர்டுக்கும் என்னிடம் நல்ல பதில் இல்லை. காலண்டர் அட்டைக்குப் பின்னால் எழுதி வைக்கிறார்கள், நான் தடுப்பதில்லை. எல்லாவற்றுக்கும் பேத்தி பிறந்தநாளையே வைப்பதற்கு அந்தக் காலண்டர் எவ்வளவோ மேல்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தந்த அறிவொளி இயக்கத்தில் மாலை வகுப்பு எடுத்திருக்கிறேன். அந்தக் காலத்தில் புதுக்கோட்டையில் எழுத்தோடு சேர்த்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள், ஊரே பேசியது. கையெழுத்துப் போட மட்டும் பழகியவர்களுக்கு அது மறந்துபோனதையும், பஸ் போர்டு படிக்கப் பழகியவர்களுக்கு நின்றதையும் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நாள்தோறும் வேலை இருக்கும் படிப்பு நிற்கும். பக்கத்துக் கேரளத்தில் 2022இல் புல்லம்பாறை என்ற ஊராட்சியில் எல்லாருக்கும் டிஜிட்டல் எழுத்தறிவு என்று முடித்துக் காட்டினார்கள், 2025இல் மாநிலம் முழுவதற்கும் அப்படி அறிவித்தார்கள். அங்கே படித்தவர்களில் 104 வயதுப் பெரியவரும் உண்டு. நாம் இன்னும் பேசிக்கொண்டே இருக்கிறோம். ஜப்பானில் மசாகோ வகாமியா என்ற அம்மையார் பாங்க் வேலையில் ஓய்வு பெற்றபின் கம்ப்யூட்டர் பழகி, 2017இல், 81 வயதில், பொம்மை அடுக்கும் விளையாட்டு ஆப் ஒன்றைத் தானே எழுதினார். முதியவர்களுக்குப் பிடித்த விளையாட்டு எதுவும் கிடைக்கவில்லை, அதனால் எழுதினார். இதைக் கேட்டதிலிருந்து தட்டச்சர் அம்மா என்னை ‘புரோகிராம்’ சொல்லிக்கொடுங்கள் என்று நெருக்குகிறார். நூலகத்துப் பழைய கம்ப்யூட்டரில் அடுத்த மாதம் ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன். கண்டக்டருக்கு அதில் நாட்டமில்லை. சீட்டுக் கணக்கை எக்ஸெலில் போடத் தெரிந்தால் போதுமாம்.

உங்கள் தெருவில் இப்படி ஒன்று தொடங்க நினைத்தால் புரொஜெக்டர், சர்டிபிகேட் இதெல்லாம் வேண்டாம். நீளமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று, பொதுவுக்கு இரண்டு மூக்குக் கண்ணாடி, சாய்மானமுள்ள நாற்காலிகள், இவை வேண்டும். சொல்லிக்கொடுக்கிறவர் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். “குடுங்க பாட்டி” என்று போனை வாங்கி மூன்று நொடியில் முடித்துக்கொடுக்கிற கை வகுப்புக்குள் வரவே கூடாது. பேரப்பிள்ளைகள் வரலாம், வாசல் வரைக்கும். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தையும் ரேஷனில் சாமான் போடும் நாளையும் விசாரித்துவிட்டு நாள் குறியுங்கள். சித்திரைத் திருவிழா வாரத்தில் யாரும் வர மாட்டார்கள், நீங்களும் போகாதீர்கள். காலை பத்துக்கு ஆரம்பித்தால் பதினொன்றரைக்கு முடித்துவிட வேண்டும், சர்க்கரை மாத்திரை போட்டவர்களுக்கு அதற்குமேல் பசி தாங்காது. சுண்டல் வைத்தால் பன்னிரண்டு வரை இழுக்கலாம்.